மொட்டைமாடியில் பெரிய ஏசி அவுட்டோர் யூனிட்டை உட்கார வைப்பது எப்படி

மே மாதம், மதியம் இரண்டு மணி. சென்னையில் ஒரு துணிக்கடையின் மொட்டைமாடி. 8.5 டன் டக்டபிள் ஏசிக்கான (டக்ட் வழியாகக் குளிர்காற்றை அனுப்புகிற வகை) அவுட்டோர் யூனிட்டுகள் நான்கு, ஒரே வரிசையாக நிற்கின்றன, ஒரு பையன் ஹோஸ் பைப்பைப் பிடித்து ஒவ்வொரு காயிலாக (சூட்டை வெளியே விடுகிற குழாய் அடுக்கு) தண்ணீர் அடித்துக்கொண்டே இருக்கிறான். தண்ணீரை நிறுத்தினால் ஐந்தே நிமிடத்தில் டிரிப், யூனிட் தானாக நின்றுவிடும். எனக்கு முன்னால் வந்துபோன மூன்று பேரும் "கேஸ் கம்மி" என்று சொல்லி ஆளுக்குக் கொஞ்சம் ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். நான் பிரஷர் கேஜை மாட்டுவதற்கு முன் ஒரு சாதாரண தெர்மாமீட்டரை எடுத்தேன். படிக்கட்டு நிழலில் 38 டிகிரி. யூனிட்டின் பின்பக்கம், காயிலுக்குள் காற்று நுழைகிற இடத்தில் 49.

தலைக்கு மேல் தகரக் கூரை. மூன்று பக்கமும் கைப்பிடிச்சுவர், அதுவும் யூனிட்டின் தோள் உயரத்துக்கு. ஓனர் பெருமையாகச் சொன்னார், "வெயில் படக்கூடாதுன்னு நாந்தான் தம்பி ஷெட் போட்டேன்." அண்ணாச்சியிடம் அதை எப்படிச் சொல்வது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன், அப்புறம் சொல்லிவிட்டேன். வெயிலால் யூனிட்டுக்குப் பெரிய கஷ்டம் இல்லை. தான் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பதுதான் அதற்குக் கஷ்டம்.

இந்தக் கட்டுரை முழுக்க அதுதான் சங்கதி. பைப், கேஸ், வயர் எல்லாம் வரும், ஆனால் இடம் தப்பாகப் போய்விட்டால் மற்றதை எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் மே மாதம் காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் இடம்

ஒரு டன் என்பது 3.517 கிலோவாட். 8.5 டன் என்றால் கடைக்குள்ளிருந்து சுமார் 30 கிலோவாட் சூட்டை எடுக்கிறது, அதோடு கம்ப்ரசர் தின்கிற கரன்ட்டும் சூடாகச் சேர்ந்துகொள்ளும், ஆக ஒரு யூனிட் வெளியே தள்ளுவது ஏறத்தாழ 38, 39 கிலோவாட். வீட்டில் இருக்கிற 2 கிலோவாட் கீசர் பத்தொன்பதை ஒரே இடத்தில் போட்ட மாதிரி. நான்கு யூனிட் என்றால் எழுபத்தைந்துக்கு மேல் கீசர். இத்தனை சூடும் காற்றோடு எங்கே போகும் என்று மாடியில் நின்று யோசித்துவிட்டுத்தான் சாக்பீஸால் கோடு போட வேண்டும்.

கம்பெனி மேனுவலில் எந்தப் பக்கம் எவ்வளவு இடைவெளி என்று படமே போட்டிருப்பார்கள், அதுதான் முதல் வேதம். பொதுவாகப் பக்கவாட்டில் காற்று ஊதுகிற யூனிட்டுக்குக் காயில் பக்கம் குறைந்தது 300 மில்லிமீட்டர், ஃபேன் பக்கம் ஒன்றரை, இரண்டு மீட்டர் திறந்தவெளி. நான் காயில் பக்கம் 500 கேட்டு வாங்குவேன், ஏனென்றால் பிற்பாடு காயிலைக் கழுவ ஓர் ஆள் அங்கே நுழைய வேண்டும். மேல்நோக்கி ஊதுகிற யூனிட்டுக்குத் தலைக்கு மேல் எதுவுமே கூடாது. கூரையைத் தவிர்க்கவே முடியாது, மேலே ஒரு மாடி இருக்கிறது என்றால் காற்றை வெளியே திருப்பிவிட டக்ட் போடலாம், ஆனால் அந்த ஃபேன் எவ்வளவு ஸ்டேட்டிக் (டக்ட் தருகிற எதிரழுத்தம்) தாங்கும் என்று கேட்டலாக்கில் பார்த்துவிட்டுத்தான்.

இரண்டு வரிசை வைக்கும்போது நடக்கிற தப்பு ஒன்று உண்டு. முன்வரிசை ஊதுவதைப் பின்வரிசை இழுக்கிற மாதிரி, பள்ளிக்கூடப் பிரேயர் வரிசை போல எல்லாவற்றையும் ஒரே திசையில் நிறுத்திவிடுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். முதல் வரிசைக்கு 38 டிகிரி காற்று, அடுத்த வரிசைக்கு 48. பக்கவாட்டு யூனிட் என்றால் முதுகுக்கு முதுகாக நிறுத்தி, முதுகுகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டு, இரு பக்கமும் வெளியே ஊத விடுங்கள். முகத்துக்கு முகம் வைத்து நடுவில் சூட்டை அடைப்பதும் வேண்டாம்.

கைப்பிடிச்சுவர் உயரமாக இருந்தால் சுவரை உடைக்கச் சொல்ல முடியாது, ஸ்டாண்டை உயர்த்தலாம். ஊதுகிற வாய் சுவருக்கு மேலே வர வேண்டும். அந்தத் துணிக்கடையில் கடைசியில் அதைத்தான் செய்தோம். தகரத்தைக் கழற்றினோம், ஸ்டாண்டை மூன்று அடி ஏற்றினோம், இரண்டு யூனிட்டைத் திருப்பி வைத்தோம், முன்னால் வந்தவர்கள் கூடுதலாக ஏற்றிய கேஸை ரெக்கவரி சிலிண்டரில் திருப்பி எடுத்தோம். காயிலுக்கு வருகிற காற்று 49-இலிருந்து 40-க்கு இறங்கியது, யூனிட்டில் இருக்கிற ஆர்410ஏ கேஸின் ஹெட் பிரஷர் (கம்ப்ரசர் வெளியே தள்ளுகிற பக்கத்து அழுத்தம்) 560 பிஎஸ்ஐ-க்கு மேல் போய் டிரிப் ஆகிக்கொண்டிருந்தது 450-இல் நின்றது. ஒரு கிராம் புது கேஸ் ஏற்றவில்லை.

காற்றின் திசையையும் பாருங்கள். சென்னையில் மே, ஜூன் மாதங்களில் காலையிலிருந்து மேற்கே தரைப்பக்கமிருந்து சூட்டுக்காற்று, மதியத்துக்கு மேல் அதிர்ஷ்டம் இருந்தால் கிழக்கே கடல்காற்று. ஃபேன் நேராக மேற்கைப் பார்த்து ஊதினால் எதிர்க்காற்றில் அது திணறும். வடக்கு தெற்காக வைக்க முடிந்தால் நல்லது. நகரத்தில் 2003 மே 31-ஆம் தேதி 45 டிகிரி பதிவாகியிருக்கிறது, ஆனால் கேட்டலாக்கில் எழுதியிருக்கிற டன் கணக்கு வெளிக்காற்று 35 டிகிரியில் எடுத்தது. இடைப்பட்ட பத்து டிகிரிக்கு யூனிட் குளிர் குறைத்துத் தரும், கரன்ட் கூடுதலாக இழுக்கும். அதோடு நாமும் இடத்தை நெருக்கிப் பத்து டிகிரி சேர்த்தால் எங்கே போய் நிற்கும்?

இன்னும் சில இடங்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்குங்கள். ஓட்டல் கிச்சன் எக்ஸாஸ்ட் வாய்க்குப் பக்கம் வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிக் காயில் கம்பளி ஆகிவிடும். ஜெனரேட்டர் புகைக்குழாய் பக்கமும் அப்படித்தான். சாக்கடை, கூவம் ஓரம் என்றால் அந்த நாற்றத்தில் இருக்கிற வாயு செம்பைக் கறுக்கவைத்து ஊசித்துளை போடும். கார் பார்க்கிங்கில் தரையோடு வைத்த யூனிட்டெல்லாம் 2015 டிசம்பர் வெள்ளத்தில் என்ன ஆனது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கீழேதான் இடம் என்றால், அந்த வருஷம் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து டீக்கடையில் கேளுங்கள், சுவரில் கோடே காட்டுவார்கள், அதற்கு மேல் ஸ்டாண்ட்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈசிஆர் பக்கம் என்றால் உப்புக்காற்று. அலுமினிய ஃபின்னும் செம்புக் குழாயும் ஒட்டியிருக்கிற இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் பொடிப்பொடியாக உதிரும், கையால் தொட்டாலே சாம்பல் மாதிரி வரும். இதற்கு யூனிட் வாங்கும்போதே கோட்டிங் கேட்டு வாங்க வேண்டும், வந்து இறங்கிய பிறகு ஸ்ப்ரே அடிப்பதெல்லாம் மனத் திருப்திக்கு. கடலைப் பார்க்காத பக்கமாக, படிக்கட்டு அறைச் சுவர் மறைக்கிற மாதிரி வைத்தால் இரண்டு மூன்று வருஷம் கூடுதலாக வரும்.

சத்தத்தையும் சேர்த்து யோசியுங்கள். மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு பத்துக்கு மேல் 45 டெசிபல், வணிகப் பகுதியில் 55. பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக ஊதுகிற மாதிரி வைத்துவிட்டு அப்புறம் பஞ்சாயத்துக்குப் போக வேண்டாம்.

ஸ்டாண்டும் தளமும்

மொட்டைமாடித் தளத்தின் மேல் சுர்க்கியும் (செங்கல் சுண்ணாம்புக் கலவை) தட்டோடும் இருக்கும். அதில் நேராக ஆங்கர் போல்ட் அடித்தால் அடுத்த ஐப்பசியில் கீழ்மாடிச் சீலிங்கில் படம் வரைந்துவிடும், பழி ஏசிக்காரன் தலையில். பீம் எங்கே ஓடுகிறது என்று இன்ஜினியரிடமோ பழைய பிளானிலோ பார்த்து, அதன் மேல் கான்கிரீட் பெடஸ்டல் போடச் சொல்லுங்கள். பெடஸ்டல் ஓரத்தில் வாட்டர்புரூஃபிங்கை மேஸ்திரியே ஏற்றிப் பூசிவிட வேண்டும். அதன் மேல் கால்வனைஸ்டு ஆங்கிள் அல்லது சேனல் ஸ்டாண்ட். சைட்டிலேயே வெல்டிங் செய்தால் வெல்டிங் பட்ட இடமெல்லாம் கால்வனைசிங் போய்விடும், அங்கே ஜிங்க் பெயின்ட் இரண்டு கோட்.

தளத்துக்கும் யூனிட்டுக்கும் நடுவே ஓரடியாவது இடைவெளி இருக்கட்டும். மழைத் தண்ணீர் ஓட வேண்டும், குப்பை கூட்ட வேண்டும், அதைவிட முக்கியமாக மதியத்தில் தளத்தின் மேல்தோல் 50 டிகிரிக்கு மேல் கொதிக்கும், அதை ஒட்டிய காற்றை யூனிட் இழுக்கக்கூடாது.

காற்றுக் கணக்கை யாரும் போடுவதில்லை. கட்டிடங்களுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 875 மூன்றாம் பாகத்தில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ தள்ளும். ஒன்றரை மீட்டர் உயரம், ஒரு மீட்டர் அகலம் உள்ள யூனிட்டுக்கு 225 கிலோ. யூனிட்டின் எடையே அதைவிடக் குறைவாக இருக்கலாம். 2016 டிசம்பரில் வர்தா அடித்தபோது ஸ்டாண்டோடு கவிழ்ந்து கிடந்த யூனிட்டுகளை நான் பார்த்தேன், எல்லாமே ஸ்டாண்டில் நன்றாக முடுக்கியிருந்தார்கள், ஸ்டாண்டுதான் தளத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. யூனிட்டை ஸ்டாண்டில், ஸ்டாண்டைப் பெடஸ்டலில், இரண்டையும் போல்ட் போட வேண்டும். உயரமான ஸ்டாண்ட் என்றால் குறுக்கு ஆங்கிளும் வேண்டும்.

யூனிட்டுக்குக் கீழே ரப்பர் பேட் போடுங்கள். கீழே ஆஸ்பத்திரி வார்டோ லாட்ஜ் ரூமோ இருந்தால் ஸ்பிரிங் மவுண்ட். பேட் போட்டுவிட்டுப் போல்ட்டை நசுங்க நசுங்க முடுக்கினால் பேட் போட்ட பலன் போச்சு. ஸ்பிரிட்லெவல் வைத்துப் பாருங்கள், கம்ப்ரசரில் ஆயில் சமமாக இருக்க வேண்டும்.

மேலே ஏற்றுவது ஹைட்ரா கிரேன் வைத்தோ செயின் பிளாக் வைத்தோ, அது உங்கள் சைட்டைப் பொறுத்தது. படுக்க வைக்காதீர்கள், கயிறு காயிலில் உரசாமல் இருபுறமும் கட்டை கொடுங்கள், மாடி விளிம்பில் நிற்பவர் இடுப்பில் பெல்ட் இல்லாமல் நிற்கக்கூடாது. "ரெண்டு நிமிஷ வேலைதானே சார்" என்பவர்தான் முதலில் பெல்ட் போட வேண்டியவர்.

பைப்

பைப் சைஸ், அதிகபட்ச நீளம், உயர வித்தியாசம் மூன்றும் மாடலுக்கு மாடல் மாறும், மேனுவல் பார்க்காமல் "போன சைட்டில் போட்டதுதான்" என்று வாங்காதீர்கள். யூனிட் மாடியிலும் கடை கீழேயும் இருந்தால் சக்ஷன் லைனில் (கேஸ் கம்ப்ரசருக்குத் திரும்பி வருகிற பைப்) ஆயில் மேலே ஏறி வர வேண்டும். அதற்காக நேர்குத்துப் பைப்பின் அடியில் ஒரு டிராப் (ஆயில் தேங்குகிற யு வளைவு), அப்புறம் ஐந்தாறு மீட்டருக்கு ஒரு டிராப், உச்சியில் தலைகீழ் வளைவு என்பது சாதாரண யூனிட்டுக்கு வழக்கம். இன்வெர்ட்டர், விஆர்எஃப் (ஒரே அவுட்டோரில் பல இன்டோர் ஓடுகிற வகை) வகைகளில் பல கம்பெனிகள் டிராப் வேண்டாம் என்றே சொல்லும், அங்கே நம் அனுபவத்தைக் காட்டி டிராப் போட்டால் அதுவே தப்பு.

பைப்பின் வாயைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். டேப் சுற்றினால் போதும் என்பார்கள், ராத்திரி மழையில் டேப் கழன்று கிடக்கும். முனையை நசுக்கிப் பிரேசிங் (உலோகப் பற்று) வைத்து அடைத்துவிடுங்கள், காலையில் இரண்டு அங்குலம் வெட்டிப் போட்டால் போகிறது.

பிரேசிங் செய்யும்போது பைப்புக்குள் நைட்ரஜன் மெதுவாக ஓட வேண்டும், கன்னத்தில் பிடித்தால் மெல்லிய ஊதல் தெரிகிற அளவு போதும். ஓடவில்லை என்றால் செம்பின் உள்பக்கம் கறுப்புச் செதில் படியும். ஒருமுறை நைட்ரஜன் இல்லாமல் வைத்த ஜாயின்ட்டை வெட்டிப் பிளந்து பாருங்கள், அடுப்புக்கரி மாதிரி இருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும். அந்தச் செதில்தான் ஆறு மாதம் கழித்து எக்ஸ்பான்ஷன் வால்வை (கேஸின் அழுத்தத்தை இறக்கிக் குளிர வைக்கிற குறுகிய வாய்) அடைக்கிறது, அப்போதும் "கேஸ் கம்மி" என்றுதான் சொல்வார்கள். சர்வீஸ் வால்வு பக்கத்தில் பிரேசிங் வைக்கும்போது ஈரத்துணி சுற்றுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற சீல் வெந்துவிடும். ஃபிளேர் ஜாயின்ட் (பைப் முனையை விரித்து நட்டால் முடுக்குவது) என்றால் டார்க் ரெஞ்ச் வாங்கிவிடுங்கள். அரை இஞ்ச் நட்டுக்கு 50 முதல் 60 நியூட்டன் மீட்டர், பலம் இருக்கிறதே என்று திருகினால் ஃபிளேர் காகிதம் மாதிரி மெலிந்து ஒரு கோடையில் வெடிக்கும்.

இன்சுலேஷனுக்கு நைட்ரைல் ரப்பர், சக்ஷனுக்கு 19 மில்லிமீட்டர். எக்ஸ்பான்ஷன் வால்வு அவுட்டோரிலேயே இருக்கிற மாடல் என்றால் இரண்டு பைப்புமே ஜில்லென்று வரும், இரண்டுக்கும் இன்சுலேஷன் வேண்டும். வெயில் நேராகப் பட்டால் இந்த ரப்பர் இரண்டு வருஷத்தில் அப்பளம் மாதிரி நொறுங்கும், அதனால் கிளாஸ் கிளாத்தும் யுவி கோட்டிங்கும், அல்லது மூடி போட்ட டிரேக்குள் பைப். மூடி போட்ட டிரேயில் இன்னொரு லாபம், காக்கையும் அணிலும் கொத்தாது, செம்புத் திருடனுக்கும் கண்ணில் படாது.

நைட்ரஜன் டெஸ்ட், அப்புறம் வேக்கம்

ஒரே மூச்சில் ஏற்றாதீர்கள். முதலில் 50 பிஎஸ்ஐ, சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள், அப்புறம் 200, அப்புறம் மேனுவல் சொல்கிற அளவு, ஆர்410ஏ என்றால் பெரும்பாலும் 550 ஒட்டி வரும். அவுட்டோர் சர்வீஸ் வால்வு மூடியே இருக்கட்டும். ஆக்சிஜனை எந்தக் காரணத்துக்கும் பிரஷர் டெஸ்ட்டுக்கு எடுக்காதீர்கள், ஆயிலோடு சேர்ந்தால் அது குண்டு. ஏர் கம்ப்ரசர் காற்றும் வேண்டாம், ஈரம் போகும். நைட்ரஜன் சிலிண்டர் தீர்ந்துபோய்ப் பக்கத்தில் வெல்டிங்காரர் சிலிண்டர் நிற்கிறது என்றால், நாளைக்கு வேலை செய்யுங்கள்.

24 மணி நேரம் நிற்கட்டும். இங்கே ஒரு வேடிக்கை. எங்கள் பையன் ஒருவன் மதியம் மூன்று மணிக்கு 550 வைத்துவிட்டுப் போனான், காலை ஆறு மணிக்கு 535. பதறிப்போய் சோப்பு நுரையும் பிரஷ்ஷுமாக மூன்று மாடி ஏறி இறங்கி எல்லா ஜாயின்ட்டையும் குளிப்பாட்டினான், ஒரு குமிழ் வரவில்லை. லீக் இல்லை, மதியம் 36 டிகிரி, காலையில் 28. இந்தப் பிரஷரில் ஒரு டிகிரிக்கு 1.8 பிஎஸ்ஐ மாறும், எட்டு டிகிரிக்குப் பதினைந்து. அதனால் கேஜ் ரீடிங் எழுதும்போது பக்கத்தில் டெம்பரேச்சரும் எழுதுங்கள், மறுநாள் அதே நேரத்தில் வந்து பாருங்கள்.

பைப்புக்குள் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்கிற வேக்கம்தான் எல்லோரும் ஏமாற்றுகிற இடம். "பம்ப் அரைமணி நேரம் ஓடிச்சு, முள்ளு 29-க்கு வந்திடுச்சு, போதும் சார்." போதாது. அந்த முள் 29 இஞ்ச் காட்டும்போது உள்ளே இன்னும் சுமார் 23,000 மைக்ரான் (மிகக் குறைந்த அழுத்தத்தை அளக்கிற அலகு) இருக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 25 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். கீழே ஏசி ஓடுகிற கட்டிடத்துக்குள் போகிற பைப்பில் ஒரு துளி தண்ணீர் நின்றால் அது கொதிக்காமல் அப்படியே உட்கார்ந்திருக்கும். நமக்கு வேண்டியது 500 மைக்ரான், அதை அந்த முள்ளால் காட்டவே முடியாது, மைக்ரான் கேஜ் வேண்டும். ஒரு நல்ல கேஜ் விலை ஒரு கம்ப்ரசர் விலையில் ஒரு மூலைக்கு வராது.

பம்ப் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் மாற்றுங்கள். ஹோஸ் மாட்டுகிற வாய்க்குள் இருக்கிற சின்ன முள் வால்வுகளைக் கழற்றிவிட்டு, தடித்த ஹோஸ் போட்டு, இரு பக்கமிருந்தும் இழுங்கள். 500-க்கு வந்ததும் பம்ப்பை அடைத்துவிட்டு அரைமணி காத்திருங்கள். ஏறிக்கொண்டே போனால் லீக். கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் ஈரம். ஈரம் என்றால் நைட்ரஜனை இரண்டு மூன்று பிஎஸ்ஐ விட்டு வேக்கத்தை உடைத்து மறுபடியும் இழுங்கள், தேவைப்பட்டால் மூன்றாவது தடவையும். இந்தக் கேஸ்களோடு வருகிற ஆயில் ஈரத்தை உறிஞ்சி அமிலமாகும், அது கம்ப்ரசர் வைண்டிங்கைத் தின்னும். வாரண்டி முடிந்த அடுத்த மாதம் எரிகிற கம்ப்ரசர்களில் பலவற்றின் கதை இப்படி வேக்கத்தில்தான் ஆரம்பித்திருக்கும்.

கூடுதல் கேஸ் தராசு வைத்துத்தான் ஏற்ற வேண்டும். லிக்விட் லைன் மீட்டருக்கு 3/8 இஞ்சுக்குச் சுமார் 60 கிராம், அரை இஞ்சுக்குச் சுமார் 120 கிராம் என்று ஆர்410ஏ-வுக்கு வரும், உங்கள் மாடலின் கணக்கு மேனுவலில் இருக்கும், கம்பெனி ஏற்கெனவே எத்தனை மீட்டருக்குப் போட்டு அனுப்பியிருக்கிறது என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள். ஆர்410ஏ இரண்டு வாயுக்களின் கலவை, திரவமாகத்தான் ஏற்ற வேண்டும். ஆர்32 என்றால் அது தீப்பிடிக்கக்கூடிய கேஸ், பக்கத்தில் பீடியும் வேண்டாம் பிரேசிங்கும் வேண்டாம்.

கரன்ட்

நேம்பிளேட்டில் இருக்கிற ஆம்பியருக்குக் கேபிள் எடுப்பது எல்லோரும் செய்வதுதான், நீளத்தை மறந்துவிடுவார்கள். 8.5 டன் யூனிட் 16 ஆம்பியர் இழுக்கிறது, 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள், கீழே பேனலிலிருந்து மாடிக்கு 40 மீட்டர் என்று வையுங்கள். ஓடும்போது ஐந்து வோல்ட்தான் விழும், பரவாயில்லை. ஸ்டார்ட் ஆகிற நொடியில் ஆறு மடங்கு இழுக்கும், அப்போது 30 வோல்ட் வரை போகலாம். ஏற்கெனவே மாலை நேரத்தில் 390 வோல்ட்டில் தள்ளாடுகிற லைன் என்றால் கான்டாக்டர் (கம்ப்ரசருக்குக் கரன்ட் விடுகிற சுவிட்ச்) டகடகவென்று அடிக்கும். ஒரு சைஸ் தடித்த கேபிள் போட்டால் தீர்ந்தது.

மாடியிலேயே, யூனிட்டைப் பார்த்தபடி ஓர் ஐசொலேட்டர் (கரன்ட்டை முழுதாகத் துண்டிக்கிற சுவிட்ச்) கட்டாயம், பூட்டுப் போடுகிற வகை. யாரோ கீழே சுவிட்சைப் போட்டுவிடுவார்கள், மேலே ஃபேனுக்குள் ஒருவர் கை இருக்கும். மூன்று ஃபேஸ் மெஷினுக்கு எர்த் தனித்தனியாக இரண்டு. கேபிள் நுழைகிற ஓட்டைக்கு கிளாண்ட் போட்டு சிலிகான் அடைத்துவிடுங்கள், இது அழகுக்கு இல்லை, பல்லிக்கு. கான்டாக்டர் நடுவில் பல்லி ஒட்டிக் கருகி ஒரு ஃபேஸ் போய் நின்ற யூனிட்டை எத்தனையோ தடவை திறந்திருக்கிறேன், எறும்பும் அப்படித்தான்.

ஸ்க்ரோல் கம்ப்ரசருக்கு (சுருள் வடிவத் தகடுகளால் கேஸை அழுத்துகிற வகை) ஃபேஸ் வரிசை முக்கியம். தலைகீழாகச் சுற்றினால் கரகரவென்று கத்தும், கேஜ் இரண்டும் அசையாது, உடனே நிறுத்திவிட்டு இரண்டு ஃபேஸை மாற்றுங்கள். இதை இபி கரன்ட்டில் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். முதல் பவர்கட்டில் ஜெனரேட்டர் ஓடும், அதன் வரிசை வேறாக இருக்கும், ராத்திரி எட்டு மணிக்கு போன் வரும். இரண்டிலும் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும். ஃபேஸ் வரிசையும் ஒரு ஃபேஸ் போவதையும் கண்டுபிடிக்கிற ரிலே பேனலில் இருக்கிறதா, அது உண்மையிலேயே டிரிப் செய்கிறதா என்று ஒரு ஃபியூஸை உருவிப் பார்த்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

கம்ப்ரசர் ஆயிலைச் சூடாக்குகிற கிராங்க்கேஸ் ஹீட்டருக்கு முதல்நாள் மாலையே கரன்ட் கொடுத்து வையுங்கள், பன்னிரண்டு மணி நேரம் சூடாகட்டும். கடைத் திறப்புவிழா காலை ஒன்பது மணிக்கு, ஓனர் கையில் கத்தரிக்கோல் தயார், நீங்கள் எட்டரைக்குப் பவர் கொடுத்தால் ஆயிலில் கலந்திருக்கிற கேஸ் நுரைத்துக்கொண்டு கிளம்பும், கம்ப்ரசர் முதல் நாளிலேயே அடி வாங்கும்.

காலையில் ஓட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புவதை நான் கமிஷனிங் என்றே ஒத்துக்கொள்வதில்லை. மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை, எல்லா யூனிட்டும் ஒன்றாக ஓடும்போது, மாடியில் நில்லுங்கள். முதல் ரீடிங் நிழல் டெம்பரேச்சர். இரண்டாவது ஒவ்வொரு காயிலின் பின்பக்கமும் காற்று நுழைகிற டெம்பரேச்சர், மேல், கீழ், இரு ஓரம். இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் போனால் சூட்டுக்காற்று சுற்றிக்கொண்டு வருகிறது, எங்கிருந்து என்று பார்க்க ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள், புகை வழி காட்டும். அப்புறம்தான் கேஜ். ஆர்410ஏ-வில் சக்ஷன் 120 பிஎஸ்ஐ வாக்கில், டிஸ்சார்ஜ் (அதே ஹெட் பிரஷர்) அன்றைய வெயிலைப் பொறுத்து 400-இலிருந்து 450-க்குள் இருந்தால் நிம்மதி. மூன்று ஃபேஸ் ஆம்பியரும் வோல்ட்டும் எடுங்கள், சப்கூலிங் (திரவமான பிறகு கேஸ் மேலும் எத்தனை டிகிரி குளிர்ந்தது என்பது) 5 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா பாருங்கள்.

இத்தனையையும் நோட்டில் எழுதினால் நோட்டு தொலையும், வாட்ஸாப்பில் போட்டால் போன் மாறும். யூனிட்டின் கன்ட்ரோல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் பர்மனென்ட் மார்க்கரால் எழுதிவிடுங்கள், தேதி, நேரம், நிழல் டெம்பரேச்சர், காயில் டெம்பரேச்சர், இரண்டு பிரஷர், மூன்று ஆம்பியர், போட்ட கூடுதல் கேஸ் எத்தனை கிராம். மூன்று வருஷம் கழித்து யாரோ ஒருவர் ஸ்க்ரூடிரைவரோடு அந்த மூடியைத் திறப்பார். கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டே வந்திருந்தாலும், அதைப் பார்த்த பிறகு முதலில் காயிலைக் கழுவிப் பார்ப்போம் என்று தோன்ற வாய்ப்பு இருக்கிறது.